வால் மேல் விழுந்த பழி

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. விமானம் ஓட்டத் தெரிந்த, ஆனால் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி ஏறக்குறைய இல்லாத 20 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு சிறு விமானத்தில் ஏற்றி, பக்கத்தில் பயிற்றுநர் ஒருவரையும் உட்கார வைத்து, நடுவானில் வெளியே எதுவும் தெரியாதபடி பார்வையை மறைத்தார்கள். மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலை. எதிரே கருவிகள் மட்டும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கடிகாரம் பார்த்தார்கள்.

20 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. 19 பேர் விமானத்தைச் சுழன்றிறங்கும் பாய்ச்சலில் கொண்டுபோய் விட்டார்கள். ஒருவர் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி வேகத்தை இழந்தார். பயிற்றுநர் கை கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் ஒரே முடிவுதான். மிகக் குறைந்த நேரம் 20 விநாடி, அதிகபட்சம் 480. சராசரி 178 விநாடி. மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. விமானப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் இந்த எண்ணைச் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துகிறார்கள்.

எண் பிரபலமான அளவுக்கு அதைத் தந்த விமானம் பிரபலமாகவில்லை. அது பீச்கிராஃப்ட் பொனான்சா, சி-35 மாடல். பின்னாளில் ‘கவட்டை வால் டாக்டர் கொல்லி’ என்று அமெரிக்க விமானிகள் பட்டப்பெயர் சூட்டிய அதே விமானம்.

பொனான்சாவின் பிறப்பு நம்பிக்கை மிகுந்த காலத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 டிசம்பர் 22 அன்று, கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் முதல் பொனான்சா பறந்தது. போரிலிருந்து திரும்பும் விமானிகள் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள், கார் போல வீட்டுக்கு வீடு விமானம் நிற்கும் என்று தொழிற்சாலைகள் கணக்குப் போட்டிருந்தன. அந்தக் கணக்கு பொய்த்தது. ஆனால் 1947-இல் விற்பனைக்கு வந்த பொனான்சா பொய்க்கவில்லை. அன்றைய சிறு விமானங்கள் பல, குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. சக்கரங்கள் வெளியே தொங்கும். பொனான்சாவோ முழுக்க உலோகம். சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். நான்கு பேர் உட்காரலாம். வெறும் 165 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு மணிக்கு 270 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியது. 1949-இல் பில் ஓடம் என்ற விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளுடன் ஹொனலூலுவில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 36 மணி நேரம் பறந்து, நியூயார்க் பக்கத்தில் டீட்டர்பரோவில் தரையிறங்கினார். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

கண்ணைப் பறித்தது அதன் வால். வழக்கமான விமானத்துக்குப் பின்புறம் மூன்று தகடுகள் இருக்கும்: நிமிர்ந்து நிற்பது ஒன்று, படுக்கையாக இரண்டு. பொனான்சாவுக்கு இரண்டே, இரு பக்கமும் சாய்ந்து, ஆங்கில ‘வி’ எழுத்தாக. போலந்துப் பொறியாளர் யெர்சி ருட்லிட்ஸ்கி 1930 வாக்கில் காப்புரிமை பெற்ற யோசனை அது. மூக்கை ஏற்றி இறக்கும் வேலையையும் இடம் வலம் திருப்பும் வேலையையும் அந்த இரண்டு தகடுகளின் பின்விளிம்பு மடல்களே சேர்ந்து செய்யும். மூன்றுக்குப் பதில் இரண்டு என்றால் எடை குறையும், காற்றின் தடை குறையும் என்பது வாதம். நடைமுறையில் மிச்சம் சொற்பம்தான். மூன்றின் வேலையை இரண்டு செய்ய வேண்டுமானால் அந்த இரண்டும் பெரிதாக இருக்க வேண்டுமே. 1960-இல் பொனான்சாவைத் தயாரித்த பீச் நிறுவனமே சாதாரண வால் வைத்து டெபோனேர் என்ற தம்பியைக் கொண்டுவந்தபோது, அது அண்ணனைவிடப் பெரிதாக ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. போதாக்குறைக்கு, காற்று கொந்தளிக்கும்போது வி-வால் விமானம் பின்புறத்தை இடமும் வலமும் ஆட்டும். பின் இருக்கைக்காரர்களுக்குக் குமட்டல் இலவசம். என் கணிப்பில் அந்த வால் பொறியியலைவிட அழகுக்கே அதிகம் உதவியது. எப்படியோ, 1982 வரை 10,000-க்கும் மேற்பட்ட வி-வால் பொனான்சாக்கள் விற்றன.

அவற்றில் ஒன்றுதான் 1959 பிப்ரவரி 3 அதிகாலை, அயோவா மாநிலத்தின் மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு கிளம்பியது. பயணிகள் மூவர்: பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன். மூவரும் ராக் அண்ட் ரோல் நட்சத்திரங்கள். கடும் பனிக்காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் அடுத்த ஊருக்கு விறைத்துக்கொண்டு போவானேன் என்று அமர்த்திய வாடகை விமானம் அது. விமானி ராஜர் பீட்டர்சனுக்கு வயது 21. மொத்தம் 711 மணி நேரம் பறந்த அனுபவம். அதில் பொனான்சாவில் 128. கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் இருந்தார். ஆனால் அதற்கான தகுதிச் சான்று கிடைக்கவில்லை.

கிளம்பிய சில நிமிடங்களில், விமான நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில் ஒரு வயலில் விழுந்தது. நால்வரும் இறந்தார்கள். சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டின் புலனாய்வாளர்கள் சிதைவுக்குள் கருவிகளைத் தேடி எடுத்தார்கள். மோதிய கணத்தில் முட்கள் எங்கே நின்றனவோ அங்கேயே உறைந்திருந்தன. வேகமானி மணிக்கு 165-க்கும் 170 மைலுக்கும் இடையில். ஏற்ற இறக்கக் காட்டி, நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கத்தில். சாய்வு காட்டும் கருவி, வலப்பக்கம் 90 பாகை, மூக்கு கீழே. அதாவது விமானம் பக்கவாட்டில் முழுசாகப் படுத்த நிலையில், வேகமாக, சுழன்று இறங்கியிருக்கிறது. எஞ்சினில் கோளாறில்லை. ஒரு பாகமும் வானத்தில் கழன்று விழவில்லை. வி-வால் விமானத்தின் மிகப் புகழ்பெற்ற விபத்தில் வால் குற்றவாளியே அல்ல.

நடந்தது என்ன? அன்றிரவு மேகம் தாழ்ந்திருந்தது. லேசான பனி, வீசியடிக்கும் காற்று. ஓடுதள விளக்குகளைத் தாண்டியதும் கீழே ஆளரவமற்ற வயல்வெளி. வானத்துக்கும் தரைக்கும் எல்லை தெரியாத கும்மிருட்டு. இனி உடம்பின் சாட்சி மட்டும்தான். அந்தச் சாட்சி பொய் சொல்லும்.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பினால் உள்ளிருக்கும் திரவம் பின்தங்கி, நுண்மயிர்களை வளைத்து, திரும்புகிறாய் என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த ஏற்பாடு திருப்பத்தின் தொடக்கத்தையும் முடிவையும்தான் உணரும். ஒரே சீரான சுழற்சி சில விநாடிகள் நீடித்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். சுழல்கிறோம் என்ற உணர்வே போய்விடும். தட்டாமாலை சுற்றிச் சட்டென நின்ற பிள்ளைக்கு வீடே எதிர்ப்பக்கம் சுற்றுவது இதனால்தான். மிக மெதுவாகத் தொடங்கும் சாய்வோ இந்தக் குழாய்களுக்குத் தெரிவதே இல்லை. விமானி வரைபடத்தைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் ஓர் இறக்கை கொஞ்சம் தாழ்கிறது. அவர் நேராக உட்கார்ந்திருப்பதாகவே உணர்கிறார். சீரான திருப்பத்தில் மொத்த விசையும் இருக்கையை நோக்கியே அழுத்துவதால், அதுவும் ‘நேராகத்தான் போகிறோம்’ என்ற பொய்யையே உறுதிப்படுத்துகிறது.

சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். எடையைத் தாங்க மிச்சம் போதாது. மூக்கு இறங்குகிறது, வேகம் ஏறுகிறது, உயரம் குறைகிறது. உயரமானியைப் பார்த்த விமானி பதறி, கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். இறக்கைகள் சமமாக இருந்தால் அது சரியான செயல். படுத்த விமானத்திலோ அந்த இழுப்பு திருப்பத்தை இறுக்கவே செய்யும். மூக்கு இன்னும் இறங்கும். இன்னும் இழுக்கிறார். இதற்கு விமானிகளின் பேச்சில் ‘கல்லறைச் சுழல்’ என்று பெயர். முதலில் இறக்கைகளைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு இழுத்தால் போதும், வழி அவ்வளவுதான். ஆனால் சாய்ந்திருக்கிறோம் என்பதே தெரியாதவருக்கு அது எப்படித் தோன்றும்?

கருவியைப் பார்த்தால் தெரியுமே என்று கேட்கலாம். பீட்டர்சன் பழகியிருந்த விமானங்களில் செயற்கை அடிவானம் காட்டும் வழக்கமான கருவி இருந்தது. அந்தப் பொனான்சாவில் இருந்தது ஸ்பெர்ரி எஃப்-3 என்ற வேறு வகை. மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அது வழக்கத்துக்கு நேர்மாறாகக் காட்டும். இருட்டில், குலுக்கலில், இறங்குவதை ஏறுவதாகப் படித்திருக்க வாய்ப்புண்டு என்று அறிக்கை சொன்னது. வழியில் வானிலை மோசமாவதை எச்சரித்த அறிவிப்புகள் அவரிடம் சொல்லப்படவில்லை என்பதையும் அது குறித்தது. ‘விமானியின் தவறு’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964 ஜூலை 31 அன்று ஜிம் ரீவ்ஸ். சென்னையிலும் கொழும்பிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் ஒலிக்கும் அந்தக் குழைந்த குரலுக்குச் சொந்தக்காரர். ஆர்கன்ஸாவிலிருந்து நாஷ்வில்லுக்குத் தானே விமானத்தை ஓட்டித் திரும்பிக்கொண்டிருந்தார். உடன் பியானோக் கலைஞர் டீன் மானுவல். நகரை நெருங்கும்போது இடிமழையில் சிக்கி, திசையுணர்வு இழந்து, மரங்களுக்குள் விழுந்தார்கள். சிதைவைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அவர் ஓட்டியது டெபோனேர், சாதாரண வால்!

அப்படியானால் பொனான்சாவுக்கு மட்டும் என்ன தனிக் குற்றம்? அதன் சிறப்புதான். காற்றைக் கிழித்துக்கொண்டு வழுக்கிச் செல்லும்படி செதுக்கிய உடல் அது. மூக்கு கொஞ்சம் தாழ்ந்தாலும் வேகம் மளமளவென்று ஏறும். சக்கரங்கள் தொங்கும் பழைய விமானம் காற்றுத் தடையால் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். விமானி சுதாரித்துக்கொள்ள அவகாசம் இருக்கும். பொனான்சா அந்த அவகாசத்தைத் தராது. இல்லினாய் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகவே புரிந்துகொண்டார்கள். அதே 20 பேருக்கு அவர்கள் கற்றுத்தந்த தற்காப்பு முறையில் ஒரு முக்கியப் படி, சக்கரங்களை இறக்கி வைப்பது. தடையைக் கூட்டு, வேகத்தை நிலைப்படுத்து, கைப்பிடியை விட்டுவிடு, திருப்பம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு காலால் மட்டும் மெதுவாகத் திருப்பி வந்த வழியே வெளியேறு. பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் வெற்றி. கையை எடுத்துவிடு என்பதுதான் அதில் கற்கக் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

‘டாக்டர் கொல்லி’ என்ற பெயரில் வன்மம் உண்டு. கொஞ்சம் உண்மையும் உண்டு. விலை அதிகமான வேக விமானத்தை வாங்கக்கூடியவர் டாக்டர், வக்கீல், தொழிலதிபர். பணம் இருந்தது, தொடர்ந்து பழக நேரம் இல்லை. திங்கட்கிழமை காலை ஊரில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இருந்தது. வானிலை சரியில்லை என்றால் கிளம்பாமல் இருப்பதுதான் இந்த விபத்துக்கு மலிவான மருந்து. அதற்குத்தான் அவர்களிடம் பொறுமை இல்லை.

இனி வாலின் கதை. பட்டி ஹாலியின் விமானம் முழுசாகத் தரையில் மோதியது. ஆனால் பல பொனான்சாக்கள் அந்த நிலை வரும் முன்பே வானத்தில் உடைந்தன. தொடக்க மாடல்களில் இறக்கைகள் முறிந்ததுண்டு. பின்வந்தவற்றில் முறிந்தது பெரும்பாலும் வால். ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. தயாரிப்பாளர் தரப்பின் பதில் மாறவே இல்லை: ‘விமானி கட்டுப்பாட்டை இழந்து, அனுமதித்த வேகத்தைத் தாண்டி, திடீரென்று இழுத்தால் எந்த விமானமும் உடையும்.’ மறுக்க முடியாத பதில். சுழலில் இறங்கும் விமானம் மேகத்தின் அடிப்பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது, எதிரே தரை, விமானி உயிர்ப் பயத்தில் முழு பலத்தோடு இழுக்கிறார். எடையைப் போல 4.4 மடங்கு விசை வரை தாங்கும் என்று சான்று பெற்ற உடல், அதைப் போல ஒன்றரை மடங்கு வரை பொறுக்கலாம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தாக்குதல் நான்கு மடங்காகும் என்பதால், அந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும்.

ஆனால் டெபோனேர் என்ற தம்பி இருந்தான். அதே இறக்கை, அதே எஞ்சின் வகை, அதே வழுக்கும் உடல். வாங்கியவர்களும் அதே டாக்டர்கள்; பறந்ததும் அதே மேகங்களில். வேறுபாடு வால் மட்டுமே. விமானிதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவில் வானத்தில் உடைய வேண்டும். உடையவில்லை. வி-வால் விமானங்கள் பல மடங்கு அதிகமாக உடைந்தன. 1980 வாக்கில் விமான இதழ்களில் இந்த ஒப்பீடு வெளிவந்ததும் சண்டை சூடுபிடித்தது. உரிமையாளர்கள் பலர் இதழ்க்காரர்களைத்தான் திட்டினார்கள். தன் விமானத்தைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

1980-களின் நடுவில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆய்வு மையம் இதைத் தோண்டியது. கண்டது விநோதமானது. வி-வால், சட்டம் கேட்ட எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் மூன்று தகடு வாலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படுக்கைத் தகடுகளுக்கு ஒரு சோதனை, நிமிர்ந்த தகட்டுக்கு இன்னொன்று. ஒரே தகடு இரண்டு சுமையையும் ஒரே நேரத்தில் சுமந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சட்டம் போதிய அளவு கேட்கவில்லை. சுழலிலிருந்து மீளும்போது நடப்பது அதுதான்: மூக்கைத் தூக்கும் விசை, பக்கவாட்டுச் சறுக்கலின் விசை, இரண்டும் ஒரு பக்கத் தகட்டில் கூடிவிடும்.

இன்னொரு பலவீனம் 1951-இல் நுழைந்தது. சி-35 மாடலில் வாலின் நிலைத்தன்மையைக் கூட்டுவதற்காகத் தகடுகளை அகலப்படுத்தினார்கள். அகலம் முன்பக்கம் நீண்டது. உள்ளே தாங்கும் முதன்மைச் சட்டமோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆக, சட்டத்துக்கு முன்னால் உடலோடு இணையும் இடத்தில் முன்விளிம்பு பிடிமானமின்றி நீட்டிக்கொண்டிருந்தது. அதிவேகத்தில் காற்று அந்த விளிம்பை முறுக்கும். முறுக்கினால் தகடு இன்னும் அதிகக் காற்றை வாங்கும். வாங்கினால் இன்னும் முறுக்கும். தீர்வு என்ன தெரியுமா? அந்த முன்விளிம்பை உடலோடு பிணைக்கும் சிறிய உலோகக் கவ்வி. பீச் நிறுவனம் அதை உருவாக்கியது; 1987-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதைக் கட்டாயமாக்கியது. வானத்தில் வால் முறிவது அதன்பின் பெரிதும் குறைந்தது. சி-35 வெளிவந்து 36 ஆண்டுகள் கழித்து!

வாலில் இன்னொரு சங்கதியும் உண்டு. பின்விளிம்பு மடல்களின் மேல்தோல் மிக மெல்லிய மக்னீசியம் தகடு. மடல் தன் கீலைச் சுற்றி எடைச் சமனில் இருக்க வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் கனத்தாலும் அதிவேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். ‘ஃப்ளட்டர்’ என்ற இந்த நடுக்கம் சில விநாடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது. எனவே பழைய பெயின்ட் மேல் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு மறுபடி எடைச் சமன் பார்க்காமல் விடுவதும் இந்த விமானத்தில் உயிருக்கு ஆபத்தான சோம்பல்தான். மக்னீசியம் எளிதில் அரிக்கும். மாற்றுத் தோல் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. கனமில்லாத வேறொரு தோலைத் தேடி உரிமையாளர்கள் சங்கமே பரிசு அறிவிக்க வேண்டி வந்தது.

மரணம் வரை போகாத விபத்துகளில் முதலிடம் சக்கரங்களுக்கு. இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்குவது ஒரு வகை. இறங்கிய பிறகு தானே மடக்கிவிடுவது இன்னொரு வகை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரணம் இருக்கிறது. பிற விமானங்கள் பெரும்பாலானவற்றில் சக்கர விசை (சுவிட்ச்) இடப்பக்கம், இறக்கை மடலான ஃப்ளாப்பின் விசை வலப்பக்கம். பழைய பொனான்சாவில் நேர்மாறு. தரை தொட்டு ஓடும்போது ஃப்ளாப்பை மடக்குவது பலருக்குப் பழக்கம். வேறு விமானத்தில் பழகிய கை தானாக நீண்டு, சக்கர விசையைத் தட்டிவிடும். தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்ச் உண்டுதான். ஆனால் அது விமானத்தின் எடை சக்கரத்தில் முழுசாக இறங்கிய பிறகே வேலை செய்யும். வேகமாக ஓடும்போது இறக்கைகள் பாதி எடையைச் சுமந்துகொண்டிருக்க, சுவிட்சோ இன்னும் வானத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களும் இதே மாதிரி வயிற்றால் உட்கார்ந்தன. 1943-இல் உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ், சக்கரக் கைப்பிடியில் சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும் ஃப்ளாப் கைப்பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே தெரிந்துவிடும், பிரச்சினை அடங்கியது. அதற்கப்புறமும் 1980-இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொனான்சாவையும் அதே நிறுவனத்தின் ‘பேரன்’ (Baron) விமானத்தையும் பெயர் சொல்லி, இவை வடிவமைப்பு வரவழைக்கும் விபத்துகள் என்று தனி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 1984-இல் பீச் விசைகளை இடம் மாற்றியது. ஏற்கெனவே விற்ற ஆயிரக்கணக்கான விமானங்களில் அவை பழைய இடத்திலேயே இருக்கின்றன.

எரிபொருள் விஷயத்திலும் பொனான்சா கணக்குப் போடத் தெரிந்தவரையே விரும்பும். ஒரு தொட்டி காலியாகி எஞ்சின் நிற்க, அடுத்த தொட்டி நிறைந்திருக்கத் தரையில் விழுந்த விமானங்கள் உண்டு. பழைய மாடல்களில் எஞ்சினுக்குப் போன மிகை எரிபொருள் எந்தத் தொட்டியிலிருந்து வந்தாலும் இடப்பக்கத் தொட்டிக்கே திரும்பும். இடப்பக்கத்தை முதலில் கொஞ்சம் காலி செய்து வைக்காதவர், வலப்பக்கத்தைத் திறந்தால் வரவில் ஒரு பகுதி வழிந்து வெளியே போகும். அதைவிட நுட்பமானது எடைச் சமன். தொட்டிகள் இறக்கையின் முன்விளிம்பில், விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் உள்ளன. எரிபொருள் எரிய எரிய முன்பக்கம் இலேசாகி, மையம் பின்னோக்கி நகரும். பின்னிருக்கையில் இரண்டு பெரியவர்களும் மூட்டைகளும் என்றால், கிளம்பும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும் நேரத்தில் எல்லையைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட விமானத்தின் மூக்கு லேசாக இழுத்தாலே துள்ளும். அதனால் பொனான்சாக்காரர்கள் எடைக் கணக்கை இரண்டு தடவை போடுகிறார்கள்: தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, தொட்டி காலியாகும் நிலைக்கு ஒரு தடவை.